நம்மட வளவில் எந்தப் பூ வரும்?

கடந்த மாரிக்கு முன்னர் வாகரைப் பக்கத்தில் மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு எமது நிறுவனம் வீட்டுத்தோட்டப் பொதிகளை வழங்கியது. மண்வெட்டி, பூவாளி, கத்தரி, வெண்டி, பயற்றை, மிளகாய் விதைகள் ஆகியவற்றோடு சில பொதிகளில் வெளிநாட்டு உதவியாக வந்த பூவிதைப் பக்கற் ஒன்றும் இருந்தது. பக்கற்றின் மேல் கடும் நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, ஊதா நிறங்களில் அழகான பூக்களின் படம். தமிழிலோ சிங்களத்திலோ ஓர் எழுத்தும் இல்லை. வரிசையில் நின்ற தாய் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மிஸ், இந்த நீலப்பூ நம்மட மண்ணில வருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கலைப்பட்டதாரி. விதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் வளவில் கண்டதுதான். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி ஒரு பக்கற்றை வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு அந்தக் கிராமத்துக்கு மறுபடி போனபோதுதான் அவர் ஏன் அப்படி அக்கறையாகக் கேட்டார் என்பது விளங்கியது. அவருடைய மகள் வெள்ளிக்கிழமை காலைகளில் சாமிப்படத்துக்குப் பூப் பறிக்க வீதிக்கு மறுபக்கம் உள்ள, ஆட்கள் இன்னும் திரும்பி வராத வளவு ஒன்றுக்குள் போய் வருகிறாள். அங்கே பழைய செவ்வரத்தை மரம் ஒன்று தழைத்துப் பூத்து நிற்கிறது. அந்த வளவு இன்னும் சோதிக்கப்படவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் செவ்வரத்தை மரம்தான். வீடு, கிணறு, மலசலகூடம், தொழில் என்று ஆயிரம் தேவைகள் இருக்கும்போது பூச்செடி பற்றி எழுதுகிறார்களே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நமது பகுதியில் பூ இல்லாமல் ஒரு கிழமை நகர்வதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு, பாடசாலையில் சரஸ்வதி பூசை, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, மாதா சுரூபம், சேமக்காலை என்று எல்லாவற்றுக்கும் பூ வேண்டும். அதைத் தேடிப் போவது பெரும்பாலும் பிள்ளைகள். சொந்த வேலிக்குள் பூ இல்லையென்றால் அடுத்த வேலிக்குள் போவார்கள்.

படத்தில் உள்ள நீலப்பூ

முதலில் அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பக்கற்றில் இருந்தது 'கோர்ன்ஃபிளவர்' என்ற பூ. கடையில் கஸ்ரட் செய்ய வாங்கும் கோர்ன் மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் அப்படி நினைத்து அடுப்படிக்குக் கொண்டுபோகப் பார்த்தார்! ஐரோப்பாவின் கோதுமை, பார்லி வயல்களில் பயிரோடு பயிராகக் களைபோல முளைக்கும் செடி என்பதால் அங்கே தானியப்பூ என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது. எஸ்தோனியா என்ற நாட்டின் தேசியப் பூவும் இதுதான்.

முதலாம் உலகப் போரில் பிரான்சின் போர்க்களங்களில் குண்டு விழுந்து கிளறப்பட்ட மண்ணில் இந்த நீலப்பூ தானாகவே முளைத்துப் பூத்தது. 1916இல், காயப்பட்டு அங்கவீனமான படைவீரர்களைப் பராமரித்த சார்லொட் மால்தெர், சுசான் லெனார் என்ற இரு பெண்கள், அந்த வீரர்களுக்குத் தொழிலாக இப்பூவைத் துணியில் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பூக்கள் விற்ற பணம் அவர்களுக்கே போனது. இன்றும் பிரான்சில் போரில் பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்ட இதே நீலப்பூச் சின்னம் விற்கப்படுகிறது. அந்தப் பக்கற்றைப் பொதியில் போட்டு அனுப்பியவருக்கு இந்தக் கதை தெரிந்திருந்ததோ என்னவோ.

கதை நன்றாக இருந்தாலும் செடி நமது காலநிலைக்கு ஒத்துவராது. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று வெப்பம். இந்த விதை 15 முதல் 20 பாகை வெப்பநிலையில் நன்றாக முளைக்கும் குளிர்ப்பயிர். மட்டக்களப்பில் மார்கழி இரவிலும்கூட அவ்வளவு குளிர் வருவதில்லை. மற்றது பகலின் நீளம். இந்தச் செடி மொட்டு விடுவதற்கு நீண்ட பகல் வேண்டும். ஐரோப்பாவின் வடபகுதிகளில் ஜூன் மாதத்தில் 16 மணித்தியாலத்துக்கு மேல் பகல் இருக்கும். நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான், கூடினாலும் குறைந்தாலும் அரை மணித்தியாலம் அளவில். ஆகவே இங்கே அது இலையை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கும். பூத்தாலும் ஒன்றிரண்டுதான். நான் சட்டியில் போட்ட விதைகளில் பாதிக்கு மேல் முளைத்தன, மெலிந்த சாம்பல் பச்சை இலைகளோடு உயர்ந்தன, பங்குனி வெயிலில் கருகிவிட்டன. ஒரு பூக்கூடக் காணவில்லை.

பக்கற் கையில் இருப்பவர்கள் அதை வீச வேண்டாம். மார்கழி நடுப்பகுதியில், மழை நேரே விழாத தாழ்வாரத்தில், ஒரு சட்டியில் பத்து விதையைப் போட்டுப் பாருங்கள். விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும், எனவே ஒரு சென்ரிமீற்றர் அளவு மண்ணால் மூடுங்கள். வந்தால் சந்தோசம். ஆனால் அதற்காக நல்ல பாத்தியொன்றையும், அள்ளிச் சுமந்த நல்ல தண்ணீரையும் செலவழிக்க வேண்டாம். நமக்கென்று நீலப்பூ ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மண்வெட்டியை எடுக்க முன்னர்

2006, 2007ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் வளவுகள் பல மாதங்கள் ஆளில்லாமல் கிடந்தவை. பற்றை வளர்ந்து, வேலி விழுந்து, சில இடங்களில் பதுங்குகுழிகளும் மண் அணைகளும் உள்ளன. உங்கள் வளவு சோதிக்கப்பட்டுப் பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே கிண்டுங்கள். வீட்டைச் சுற்றிய பகுதி மட்டும் சோதிக்கப்பட்டு, வளவின் பின்பக்கம் விடுபட்டிருக்கலாம். எதுவரை பார்த்தார்கள் என்று கேளுங்கள். பூச்செடிக்கு நிறைய இடம் தேவையில்லை. கிணற்றடியும் வாசலும் போதும்.

பற்றையை அழிக்கத் தீ வைக்க வேண்டாம். உள்ளே வெடிக்காத வெடிபொருள் எதுவும் கிடந்தால் தீயில் வெடிக்கும். கிண்டும்போது உலோகத் துண்டு, வயர், பிளாஸ்ரிக் மூடி போன்ற ஏதாவது தட்டுப்பட்டால் அதைத் தொடவோ, இழுக்கவோ, மண்வெட்டியால் தட்டிப் பார்க்கவோ கூடாது. வேலையை நிறுத்தி, வந்த காலடியிலேயே திரும்பி வந்து, அந்த இடம் தெரியும்படி தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பாவிக்காமல் கிடந்த கிணற்றையும் நீங்களாக இறங்கித் துப்புரவு செய்யாதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு ஒருமுறை வளவைக் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. மிதிவெடிகள் வெள்ளத்தில் இடம் மாறி வருவதுண்டு.

பதியன் தேடுபவர்களுக்கும் இதே விடயம் பொருந்தும். கைவிடப்பட்ட வளவில் நிற்கும் மல்லிகையிலோ செவ்வரத்தையிலோ ஒரு தடி ஒடித்துவரலாமென்று உள்ளே போக வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்று எண்ணவும் வேண்டாம். பதியன்களைச் சொந்தக்காரரிடமோ, கோயில் நந்தவனத்திலோ, பாடசாலையிலோ கேட்டு வாங்குங்கள். கேட்டால் இல்லையென்று சொல்பவர் நமது ஊர்களில் குறைவு.

தண்ணீர் உப்பா, நல்லதா?

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல்நிலம். எழுவான்கரையில் உள்ளவர்களின் நிலைமை இதுதான். அந்த மணலுக்குள் மழையால் சேர்ந்த நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் கரையோரக் கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்தபோது, துப்புரவு செய்யவென்று இயந்திரத்தால் ஒரேயடியாக இறைத்த சில இடங்களில் அடியிலிருந்த உப்புநீர் மேலெழுந்து நிலைமை இன்னும் மோசமானது. ஆகவே செடிக்குத் தண்ணீர் அள்ளும்போதும் கிணற்றை வற்றவிடாதீர்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று அள்ளுங்கள். படுவான்கரையில் பொதுவாக மண் கொஞ்சம் கனமானது, தண்ணீரைத் தாங்கும். ஆனால் அங்கும் வாவி ஓரத்து வளவுகளில், கோடையில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூப்பதைக் காணலாம்.

கிணற்று நீர் செடிக்கு ஆகுமா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. இரண்டு சிரட்டையில் கொஞ்சம் மணல் போட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு ஊன்றுங்கள். ஒன்றுக்கு மழைநீர் அல்லது பவுசரில் வரும் குடிநீர், மற்றதுக்கு உங்கள் கிணற்று நீர். ஒரு கிழமையில் இரண்டும் ஒரேமாதிரி முளைத்து இலை விட்டால் கிணற்று நீர் எந்தப் பூவுக்கும் ஆகும். கிணற்று நீர்ச் சிரட்டையில் பயறு முளைக்காமல் விட்டாலோ, இலை நுனி கருகினாலோ, உப்பைத் தாங்கும் செடிகளை மட்டும் தெரிவு செய்ய வேண்டும். இந்தச் சோதனையை எங்கள் பாடசாலைச் சிறுவர் கழகப் பிள்ளைகளிடம் சொன்னோம். தங்கள் கிணற்றுக்குப் போட்டதோடு நிற்காமல் அயல் கிணறுகள் எல்லாவற்றுக்கும் போட்டு, எந்த வீட்டுக் கிணறு நல்லது என்று ஒரு பட்டியலும் போட்டுவிட்டார்கள். அதில் ஒரு சின்னச் சண்டையும் வந்தது. உங்கள் பிள்ளைகளிடம் சொல்லும்போது கவனம்.

இந்தச் சோதனை செடிக்கு மட்டும்தான். குடிநீருக்கு உகந்ததா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

மணலில் விட்ட தண்ணீர் விட்ட இடத்தில் நிற்காது. அதற்கு நமது பெரியவர்கள் செய்த முறையே போதும். ஒரு முழ அகலம், ஒரு முழ ஆழத்தில் கிடங்கு வெட்டி, அடியில் தென்னம் பொச்சுகளை உள்பக்கம் மேலே பார்க்க நெருக்கி அடுக்குங்கள். பொச்சு தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதன்மேல் காய்ந்த மாட்டெரு, குப்பைப் பசளை, கிண்டிய மேல்மண் ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணத்தை நேரே வேரில் போட்டால் செடி வெந்துவிடும். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கமாகக் கிடங்கை வெட்டினால் தனியாக நீரூற்றும் வேலை பாதியாகக் குறையும். சலவைத்தூள் கரைத்த தண்ணீர் மட்டும் வேண்டாம்.

நமது நீலப்பூ

சங்குப்பூவைத்தான் சொல்கிறேன். காக்கணம் என்றும் சொல்வார்கள். வேலியில் தானாக ஏறிக் கிடக்கும் கொடி என்பதால் நாம் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் பக்கற்றில் இருந்த பூவைவிட இதன் நீலம் குறைந்ததல்ல. வெள்ளையிலும் உண்டு. சிவன் கோயில்களுக்கு உகந்த பூ. அவரை, பயற்றை இனத்தைச் சேர்ந்தது என்பதால் காற்றிலுள்ள நைதரசனை வேர் முடிச்சுகளில் பிடித்து வைக்கிறது. அது நின்ற மண் அடுத்த பயிருக்கு ஆகும்.

விதையின் தோல் கடினம். அப்படியே போட்டால் சில விதைகள் மாதக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். கரடான கல்லில் ஒரு பக்கம் இலேசாக உரசி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வீங்கியிருக்கும் விதைகளை ஊன்றுங்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குள் முளைக்கும். வெயில் படும் இடத்தில், ஏறுவதற்கு வேலியோ பழைய மீன்வலைத் துண்டோ இருந்தால் போதும். இரண்டு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கும். பூவைப் பறிக்கப் பறிக்கப் புதிதாக வரும். விட்டுவிட்டால் காய்த்துப் பூப்பது குறையும்.

நாலைந்து பூவைச் சுடுநீரில் போட்டால் தண்ணீர் கடும் நீலமாகும். அதில் தேசிக்காய்ப் புளி சொட்டு விட்டால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பிறகு கொடிக்குத் தண்ணீர் ஊற்ற நீங்கள் சொல்லத் தேவையில்லை. விதையும் வேரும் வயிற்றோட்டத்தை உண்டாக்கக்கூடியவை, அவற்றை வாயில் வைக்க விடாதீர்கள்.

மற்றைய நிறங்கள்

உப்பும் மணலும் வெயிலும் ஒன்றாகச் சேர்ந்த வளவா? பட்டிப்பூவில் தொடங்குங்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு இரண்டும் ஆண்டு முழுவதும் பூக்கும். நித்தியகல்யாணி என்ற பெயர் சும்மா வரவில்லை. இலை கசப்பும் நச்சும் என்பதால் கட்டாக்காலி மாடும் ஆடும் தொடுவதில்லை. வேலி இன்னும் அடைக்காதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இச்செடியிலிருந்து புற்றுநோய்க்கான இரண்டு மருந்துகள் எடுக்கப்படுகின்றன. அதற்காக இலையை அவித்துக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்து அளந்து கொடுப்பது வேறு, வீட்டில் அவித்துக் குடிப்பது வேறு.

பத்துமணிப்பூவும் மணலில் வளரும். ஒரு துண்டுத் தண்டை ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். கோயிலுக்குப் பெரிதாகப் பயன்படாது, ஆனால் காலை வெயிலில் வாசல் முழுவதும் நிறம் காட்டும்.

செவ்வந்தி என்று நாம் பொதுவாகச் சொல்லும் மேரிகோல்ட் மாலைக்கு நல்லது. உப்புநீரை அவ்வளவு தாங்காது. விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். கன்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விட்டு நிறையப் பூக்கும். இதன் வேர், மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் குறைக்கும் என்பதால் கத்தரி, தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் வைப்பது இரட்டை இலாபம்.

வாடாமல்லிகை கொஞ்சம் பொறுமை கேட்கும், பூக்க இரண்டரை, மூன்று மாதம் செல்லும். ஆனால் கோடை வறட்சியைத் தாங்கும். பறித்துத் தலைகீழாகக் கட்டிக் காயவைத்தால் மாதக்கணக்கில் நிறம் மாறாது. பூவே கிடைக்காத காலத்துக்கு இப்படி ஒரு பிடி வைத்திருக்கலாம்.

செவ்வரத்தையைத் தடியில் வைக்க வேண்டும். பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில் வெட்டி, மாரி தொடங்கும்போது பாதி மண்ணுக்குள் போகும்படி சரித்து ஊன்றுங்கள். இரண்டு மாதம் அசைக்காமல் விடுங்கள். வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்ப்பதால் பட்டுப்போன தடிகள்தான் அதிகம் (என்னுடையதும் சேர்த்து).

மஞ்சள் அலரி பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அழகான மரம், கோடையிலும் பூக்கும், மாடு தின்னாது. ஆனால் அதன் காயும் விதையும் இதயத்தைத் தாக்கும் கடும் நச்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டிலும், மனம் நொந்து போயிருப்பவர் உள்ள வீட்டிலும் அதை நட வேண்டாம். ஏற்கெனவே நின்றால் தறித்துவிடுவது நல்லது. காயை யாராவது உட்கொண்டிருந்தால், ஒன்றும் செய்யவில்லையே என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் யாராவது உறக்கமின்றி, பேச்சின்றி, எதிலும் நாட்டமின்றி இருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பேசலாம். எமது கள உத்தியோகத்தரிடம் சொன்னால் கூட்டிச் செல்வார்.

எப்போது விதைப்பது?

நமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரை பெய்கிறது. தடியில் வைப்பவை எல்லாவற்றுக்கும் அந்தத் தொடக்கமே நல்ல நேரம். ஆனால் கார்த்திகை, மார்கழி அடைமழையில் சின்னக் கன்றுகள் அழுகும். விதைகளை மேடையான பாத்தியில், சுற்றிவர வாய்க்கால் விட்டுப் போடுங்கள். அல்லது தை பிறந்து மழை தணிந்த பிறகு போடுங்கள்.

வைகாசிச் சடங்குக்குப் பூ வேண்டுமென்றால் பங்குனி முதலிலேயே செவ்வந்தி விதைத்துவிட வேண்டும். சிரமமானது நவராத்திரிதான். புரட்டாசியில் வருகிறது. அதற்கு முன்னுள்ள மாதங்கள் கச்சான் காற்று வீசும் காலம். மண் காய்ந்து, கிணறு இறங்கி, ஊரிலேயே பூ அரிதாக இருக்கும். பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளையும் பூக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் தூரத்து வளவுகளுக்குள் போவது அப்போதுதான் மிக அதிகம். ஆகவே ஆடி பிறந்ததும் ஒரு சின்ன நாற்றுமேடை போடுங்கள். மேலே கிடுகு ஒன்றைச் சரித்துக் கட்டி மேற்கு வெயிலையும் கச்சான் காற்றையும் மறையுங்கள். நாலு இலை விட்டதும் மாலை நேரத்தில் பிடுங்கி நட்டு, அடியில் வைக்கோலோ சருகோ பரப்புங்கள். பத்துச் செடி நின்றால் ஒரு பிள்ளையின் பத்து நாள் பூசைக்குக் காணும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பூக் கொண்டுவராத பிள்ளையைக் கேள்வி கேட்காதீர்கள். ஒரு பிடி வேப்பிலையோ, வெறுங்கையோ போதும் என்று சொல்லிவிடுங்கள்.

சட்டி, சிரட்டை, ரயர்

நிலம் இன்னும் சோதிக்கப்படாதவர்களும் தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்களும் பால்மாத் தகரம், உரப்பை, பழைய வாளி ஆகியவற்றில் செடி வைக்கலாம். அடியில் நாலைந்து துளை போடுங்கள். வீடு மாறினாலும் செடியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது இதிலுள்ள வசதி. நலன்புரி நிலையத்திலிருந்து வந்த குடும்பமொன்று வேறெதையும் விட முதலில் ஒரு மல்லிகை வாளியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டிக்குக் கீழே தட்டு வைக்க வேண்டாம். தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். துளையில்லாத ரயர், சிரட்டை எதுவும் மழைக்காலத்தில் வாய் திறந்து கிடக்கக் கூடாது. பூமரத்தடியில் கிழமைக்கொருமுறை ஒரு சுற்றுப் பார்த்துக் கவிழ்த்துவிடுங்கள்.

பூவை விற்று வாழலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கோயில் திருவிழாக் காலத்தில் மாலை கட்டி விற்று ஒரு கைச்செலவுக்குக் காண முடியும். அதற்கு மேல் எதிர்பார்த்துக் கடன் எடுத்துப் பூந்தோட்டம் போட வேண்டாம். மாரியில் வெள்ளமும் கோடையில் உப்பும் உள்ள நிலத்தில் கடனோடு தொடங்குவது பாரமாகிவிடும். மரக்கறிதான் முதலில், பூ அதன் ஓரத்தில்.

விதை

சங்குப்பூவின் காய் காய்ந்து தவிட்டு நிறமானதும், வெடிக்க முன்னர் பறியுங்கள். செவ்வந்தியும் வாடாமல்லிகையும் செடியிலேயே காய்ந்த பூவாக எடுக்கப்பட வேண்டும். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, கடதாசியில் சுற்றி, அடியில் ஒரு கரண்டி அடுப்புச் சாம்பல் போட்ட போத்தலில் மூடி வையுங்கள். போத்தலில் பெயரும் மாதமும் எழுதுங்கள். அடுத்த ஆடியில் எது எதுவென்று தெரியாமல் நிற்போம்.

அந்தத் தாயின் வேலியில் இப்போது சங்குப்பூக் கொடி ஏறியிருக்கிறது. செவ்வரத்தைத் தடி இரண்டு கிணற்றடியில் துளிர் விட்டிருக்கிறது. வீதிக்கு மறுபக்கத்து மரமும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வளவைச் சோதிக்கும்படி கிராம உத்தியோகத்தர் ஊடாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சங்குப்பூ, செவ்வந்தி, வாடாமல்லிகை விதைகளைச் சிறு கடதாசிப் பைகளில் போட்டு எமது கள அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். காசு இல்லை. உங்கள் குடும்ப அட்டையும் தேவையில்லை. வரும்போது உங்கள் வளவில் காய்த்த ஏதாவது விதையில் ஒரு பிடி கொண்டுவந்தால், அடுத்து வருபவருக்குக் கொடுப்போம்.